முந்திரித் தோப்புக்குப் புதிய பூச்சிக்கொல்லிகள்: எந்தப் பூச்சிக்கு எது, எந்தப் பருவத்தில்

சேலத்தை அடுத்த குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் முந்திரி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. மரங்கள் வி.ஆர்.ஐ. 3 ஒட்டு இரகம், வயது பன்னிரண்டு. கார்த்திகையில் விட்ட தளிர்கள் நுனியிலிருந்து கருகி நிற்கின்றன. இப்போது வெளிவரும் பூங்கொத்துகளும் காயத் தொடங்கியிருக்கின்றன. முன்பெல்லாம் கார்பரில் தூளைக் கரைத்து அடிப்பார்கள். இப்போது அது கடையில் இல்லை, புதிதாக வந்த மருந்து என்று வேறொன்றைத் தருகிறார்கள். அதை நம்பி அடிக்கலாமா? மூன்று மரங்களில் அடிமரத்தில் பிசின் வடிந்து இலை மஞ்சளாகிறது. அதற்கும் அதே மருந்து போதுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: போதாது. தளிரைக் கருக்குவது ஒரு பூச்சி, அடிமரத்தைத் துளைப்பது வேறொரு பூச்சி. இலையில் தெளிக்கும் எந்த மருந்தும், பழையதோ புதியதோ, பட்டைக்குள் இருக்கும் புழுவை எட்டாது. முதல் கேள்விக்கு விடை சற்று நீளமானது. புதிய பூச்சிக்கொல்லிகளில் நல்லவை உண்டு. ஆனால் எதிர்ப்பட்ட பூச்சியையெல்லாம் கொன்றுபோட்ட பழைய மருந்துகளின் இடத்தில் அப்படியே வைத்துப் பயன்படுத்தக் கூடியவை அல்ல அவை. அவற்றுள் பல, ஒரு குறிப்பிட்ட வகைப் பூச்சியை மட்டுமே இலக்காகக் கொண்டவை. ஆகவே மருந்தின் பெயரைத் தேடும் முன் பூச்சியின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

நீங்கள் விவரித்திருக்கும் கருகல், தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சியின் வேலையாகவே இருக்க வேண்டும். ஆயினும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்குள் தோப்புக்குப் போய், இன்னும் கருகாத ஓர் இளந்தளிரை மெல்ல வளைத்துப் பாருங்கள். வெயில் ஏறிவிட்டால் இப்பூச்சி இலைக்கு அடியில் ஒதுங்கிவிடும். வளர்ந்த பூச்சி ஒல்லியாக, நீண்ட கால்களும் உணர்கொம்புகளும் கொண்டதாக, கருந்தலையும் செம்பழுப்பு நெஞ்சும் உடையதாக இருக்கும். நெஞ்சின் மேல்புறத்தில் குண்டூசி ஒன்றைக் குத்தி வைத்தது போலத் தலை தடித்த ஒரு முள் நிமிர்ந்து நிற்கும்; அதைக் கண்டுவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. குஞ்சுகள் சிறியவை, சிவப்பு கலந்த நிறத்தில், முதற்பார்வைக்கு எறும்பு என்று எண்ணத் தோன்றும். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அது குத்திய இடம் தெரியும். புதிய காயம் நீர் கோத்தது போலிருக்கும். ஓரிரு நாளில் அது பழுப்பாகி, பிறகு நீளவாக்கில் கறுத்த தழும்பாகும். பல காயங்களில் சிறு பிசின் துளி ஒன்று உறைந்து நிற்கும். சாற்றை உறிஞ்சும்போது அது செலுத்தும் உமிழ்நீர் நச்சுத்தன்மை உடையது என்பதால், குத்துகள் சேரச் சேரத் தளிர் முழுவதும் தீய்ந்து போகிறது. அந்தக் காயங்களின் வழியே பூஞ்சைகளும் நுழைந்து பூங்கொத்தைக் காய வைக்கின்றன. தாக்குதல் மிகும் ஆண்டுகளில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுவது புதிதல்ல.

இதன் முட்டை தளிரின் சதைக்குள் செருகப்பட்டிருக்கும். மயிரிழை போன்ற இரண்டு நுனிகள் மட்டுமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் கொல்லும் மருந்துகள் அந்த முட்டையைத் தொடுவதில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை பொரித்துக் குஞ்சு வெளிவரும். இன்று அடித்த மருந்தால் பூச்சிகள் எல்லாம் செத்துவிட்டன என்று நிம்மதியாக இருக்கும்போதே அடுத்த தலைமுறை வந்து நிற்பது இதனால்தான். கடைக்காரர் கொடுத்தது போலி மருந்து என்று பலர் முடிவு கட்டுவதும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருகிய தளிர் எந்த மருந்துக்கும் மீண்டும் பச்சையாகாது. மரம் கறுத்துத் தெரிகிறது என்பதற்காகத் திரும்பத் திரும்பத் தெளித்துக்கொண்டிருப்பவர்களை இப்பகுதியில் நிறையக் காண்கிறேன். தெளிக்கலாமா வேண்டாமா என்பதைப் பழைய கருகலைப் பார்த்து அல்ல, புதிய காயத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு மரத்தின் நான்கு திசைகளிலும் பதின்மூன்று வீதம் 52 நுனிக்கிளைகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சேதத்தின் அளவைப் பொறுத்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். அவ்வளவு நுணுக்கம் உங்களுக்குத் தேவையில்லை. தோப்பின் ஓரத்திலும் நடுவிலுமாகப் பத்து மரங்களைத் தேர்ந்து, நான்கு பக்கமும் சில தளிர்களைப் பார்த்து, பளபளப்பான புதுக்காயமும் உயிருள்ள பூச்சியும் எத்தனையில் இருக்கின்றன என்று வாரம் ஒருமுறை குறித்து வைத்தால் போதும். குறிப்பு ஏறிக்கொண்டே போனால் தெளிக்க வேண்டும். இரண்டு வாரமாக அப்படியே நின்றால் காத்திருக்கலாம்.

இனி மருந்துக்கு வருகிறேன். கார்பரில் கடையில் இல்லாததற்குக் காரணம் தட்டுப்பாடு அல்ல. மத்திய அரசு 2018 ஆகஸ்ட் மாதம் தடை செய்த பூச்சிக்கொல்லிகளில் அதுவும் ஒன்று. அதே ஆணையின்படி டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ், போரேட் ஆகியவை 2020 டிசம்பர் இறுதியோடு நிறுத்தப்பட்டன. மோனோகுரோட்டோபாஸ் 36 சத நீர்மத்துக்கு 2023-இல் தடை வந்தது. முந்திரி பற்றிய பழைய கையேடுகளைப் புரட்டினால் பெரும்பாலும் இந்தப் பெயர்களே இருக்கும். தளிருக்கு மோனோகுரோட்டோபாஸ், பிஞ்சுக்குக் கார்பரில் என்ற பரிந்துரை ஒரு காலத்தில் மனப்பாடமாகவே இருந்தது. யாராவது பழைய இருப்பு என்று ஒரு புட்டியை நீட்டினால் வாங்காதீர்கள்.

முந்திரிக்கும் பூச்சிமருந்துக்கும் இடையே ஒரு துயரமான வரலாறும் உண்டு. காசர்கோட்டில் அரசுத் துறை முந்திரித் தோட்டங்களின் மீது 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது இந்தத் தேயிலைக் கொசுவுக்காகத்தான். தோட்டங்களுக்கு இடையே வீடுகளும் ஓடைகளும் கிணறுகளும் இருந்தன. அங்குள்ள மக்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானின் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது. மலையிலிருந்து ஓடை இறங்கி வரும் இடத்தில் தோப்பு வைத்திருக்கும் எவரும் இதை மறக்கக் கூடாது என்பதாலேயே இங்கே சொல்கிறேன்.

இன்று தேயிலைக் கொசுவுக்கு முதலில் நிற்பது லாம்ப்டா சைஹாலோத்ரின். இது செயற்கைப் பைரித்ராய்டு வகை; பூச்சியின் நரம்பைத் தாக்கி உடனே வீழ்த்தும். கர்நாடகத்தின் புத்தூரில் உள்ள முந்திரி ஆராய்ச்சி இயக்குநரகம் பரிந்துரைத்த அளவு, 5 சத மருந்தில் லிட்டர் தண்ணீருக்கு 0.6 மில்லி, அதாவது கரைசலில் 0.003 சதம். பத்து லிட்டர் டேங்குக்கு 6 மில்லி போதும். மூடியால் உத்தேசமாக ஊற்றும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். அளவுக்குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இதே மருந்து 2.5 சதமாகவும் விற்கப்படுகிறது என்பதால் புட்டியின் மேல் உள்ள சதத்தைப் படிக்காமல் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன அளவைப் பின்பற்றினால் பாதி மருந்துதான் போய்ச் சேரும், அல்லது இருமடங்கு சேரும்.

பைரித்ராய்டின் குறை, அது நல்ல பூச்சிகளையும் விட்டு வைப்பதில்லை என்பது. தளிர், பூங்கொத்து, பிஞ்சு ஆகிய மூன்று பருவத் தெளிப்புக்கும் இதையே அடித்த தோப்புகளில் மாவுப்பூச்சியும் இலைப்பேனும் பெருகுவதைக் காணலாம். அவற்றை அடக்கி வைத்திருந்த பொறிவண்டுகளும் சிலந்திகளும் அழிந்துபோவதே காரணம். எனவே ஒரு பருவத்தில் ஒரு தெளிப்புக்கு மட்டுமே, தவிர்க்க முடியாதபோது இரண்டுக்கு, இதை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நியோநிகோட்டினாய்டு குடும்பம். இமிடாகுளோபிரிட், தயாமெதாக்சம், அசிட்டாமிபிரிட், தயாகுளோபிரிட் எல்லாம் இதில் அடங்கும். இவை மரத்தின் சாற்றோடு கலந்து ஊடுருவிப் பாய்பவை; சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கென்றே ஏற்பட்டவை. தயாமெதாக்சம் 25 சதக் குருணை லிட்டருக்கு 0.2 கிராம், அதாவது பத்து லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் முந்திரியில் சோதிக்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கிறது. மாந்தோப்பு வைத்திருக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு இமிடாகுளோபிரிட் பழக்கமானது. தத்துப்பூச்சிக்கு அதைத்தான் அடிக்கிறார்கள். மாவும் முந்திரியும் ஒரே வேலிக்குள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே மருந்தை ஒரே மூச்சில் அடித்துவிடத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பூ.

முந்திரிப் பூங்கொத்தில் ஆண் பூக்கள் அதிகம், காய் பிடிக்கும் இருபாற்பூக்கள் குறைவு. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறந்து போய்ச் சேராது. தேனீயும் சிறு காட்டுத்தேனீக்களும் ஈக்களும் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் பிஞ்சு. இமிடாகுளோபிரிடும் தயாமெதாக்சமும் தேனீக்குக் கடும் நஞ்சு. ஊடுருவிப் பாயும் தன்மையால் பூந்தேனிலும் மகரந்தத்திலும் போய்த் தங்கக் கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவ்விரண்டையும் குளோதியானிடினையும் திறந்த வெளிப் பயிர்களில் தடுத்தது இதற்காகவே. அசிட்டாமிபிரிடின் மூலக்கூறு அமைப்பு வேறு. தேனீயின் உடல் அதை விரைவாகச் சிதைத்துவிடுவதால் அதன் தீங்கு ஒப்பளவில் மிகக் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன். தீங்கே இல்லை என்று அல்ல. தேயிலைக் கொசுவிடமிருந்து பூவைக் காப்பாற்றிவிட்டு, அந்தப் பூவுக்கு வர வேண்டிய தேனீயைக் கொன்றுவிட்டால், கொட்டை எங்கிருந்து வரும்?

மூன்றாவதாகக் கடைகளில் அடிக்கடி நீட்டப்படுவது குளோரான்ட்ரானிலிபுரோல். நெல்லிலும் காய்கறியிலும் இதைப் பயன்படுத்தாத விவசாயி இப்போது அரிது. பச்சை முக்கோணம் போட்ட, மனிதருக்கு நச்சுத்தன்மை குறைந்த, உண்மையிலேயே சிறந்த மருந்து. புழுவின் தசைகளில் உள்ள சுண்ணாம்புச்சத்தை ஒழுகவிட்டுத் தின்பதை நிறுத்திவிடும். ஆனால் இது புழுக்களுக்கான மருந்து. சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசுவை இதைக் கொண்டு அடக்க முடியாது. விலை கூடுதல், பெயர் பெரிது, ஆகவே எல்லாவற்றுக்கும் கேட்கும் என்ற எண்ணத்தில் இதை வாங்கிக் கருகல் தளிரில் அடிப்பவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். உங்களுக்குக் கடையில் கொடுத்த புதிய மருந்து இதுவாக இருந்தால், இந்தக் கருகலுக்கு அது பயன்படாது. எமாமெக்டின் பென்சோயேட்டுக்கும் பெருமளவுக்கு இதே விதிதான்.

அந்தப் புழு மருந்துகளுக்கு முந்திரியில் வேலையே இல்லை என்பதில்லை. இலைகளையும் பூங்கொத்தையும் நூலால் பின்னிக் கூடு கட்டித் தின்னும் புழு, தளிர் நுனியைத் துளைக்கும் புழு, பழமும் கொட்டையும் சேரும் இடத்தைத் துளைக்கும் புழு ஆகியவை தமிழ்நாட்டு முந்திரியில் உண்டு. பின்னிய கூட்டுக்குள் எச்சத்தோடு புழு இருந்தால், அங்கேதான் குளோரான்ட்ரானிலிபுரோலும் ஸ்பைனோசாடும் பயன்படும். இளம் ஒட்டுக்கன்றுகளில் இலைக்குள் சுரங்கம் தோண்டும் புழு கொப்புளம் கொப்புளமாகத் தெரியும்; வளர்ந்த மரத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. இலைப்பேன் மாசிக்கு மேல் வெயில் ஏறும்போது வரும், கொட்டையின் தோலைச் சொறி பிடித்தது போல ஆக்கும்.

இப்போது உங்கள் மரத்தின் பருவத்தோடு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகையில் தளிர், மார்கழி, தையில் பூ, மாசியில் பிஞ்சு, பங்குனி முதல் அறுவடை என்பது நம் அடிவாரத்தின் ஒழுங்கு. மழை பிந்தினால் எல்லாமே இரண்டு, மூன்று வாரம் தள்ளிப் போகும். நாட்காட்டியைப் பார்த்துத் தெளிப்பதைவிட மரத்தைப் பார்த்துத் தெளிப்பதே சரி. பாதித் தளிருக்கு மேல் வெளிவந்து மென்மையாக இருக்கும் நிலையில் முதல் தெளிப்பு. அதற்கு லாம்ப்டா சைஹாலோத்ரின். பூங்கொத்து நீண்டு, ஆனால் பூ விரியாத நிலையில் இரண்டாவது. அதற்குக் குழுவை மாற்றி அசிட்டாமிபிரிட், லேபிளில் கண்ட அளவில். பிஞ்சுப் பருவத்தில் மூன்றாவது தெளிப்பு, பிஞ்சின் மேல் புதுக்காயம் கண்டால் மட்டும். பெரும்பாலான பூக்கள் முடிந்த பிறகு, மாலையில், மீண்டும் லாம்ப்டா. நீங்கள் முதல் தெளிப்பைத் தவறவிட்டுவிட்டீர்கள். இப்போது பூங்கொத்துப் பருவத்தில் நிற்கிறீர்கள் என்பதால், நாளைக் காலையிலேயே புதுக்காயம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். குஞ்சுகள் மீண்டும் பொரிக்கும் என்பதால் பத்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மறுபடி அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

குழுவை மாற்றுவதன் காரணம் எளிது. ஒரே விதமாகச் செயல்படும் மருந்தையே தொடர்ந்து பயன்படுத்தினால், அதைத் தாங்கிப் பிழைத்த பூச்சிகளே பெருகும். பைரித்ராய்டுகள் எல்லாம் 3ஏ, நியோநிகோட்டினாய்டுகள் 4ஏ, குளோரான்ட்ரானிலிபுரோல் 28 என்று உலக அளவில் குழு எண் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று எண்ணிவிடக் கூடாது. இமிடாகுளோபிரிடுக்குப் பிறகு தயாமெதாக்சம் அடிப்பது மாற்றம் ஆகாது. தயாமெதாக்சமும் லாம்ப்டாவும் சேர்ந்தே வரும் கலவை மருந்தும் சந்தையில் உண்டு. ஒரே அடியில் வேலை முடியும் என்று அதை விரும்புகிறவர்கள் பலர். இரண்டு குழுவையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டு அடுத்த முறைக்கு எதை எடுப்பது என்பதால் நான் அதை விரும்புவதில்லை, பூக்காலத்தில் அறவே கூடாது என்பேன். எந்த மருந்தை வாங்கினாலும் அதன் லேபிளில் முந்திரியின் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ அந்தப் பருவத்துக்கான பரிந்துரையைச் சரிபார்த்துக்கொள்ளலாம், உங்கள் வி.ஆர்.ஐ. இரகமே விருத்தாசலத்தில் உருவானதுதான்.

தெளிக்கும் முறையில் தவறினால் நல்ல மருந்தும் வீண். பன்னிரண்டு வயது மரத்துக்கு முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானால் உச்சியை எட்ட முடியாது; விசைத்தெளிப்பானை வாடகைக்கு எடுத்து, வெளிப்புறத் தளிரும் பூங்கொத்தும் நனையும்படி அடிக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதிக்கும் முற்றிய இலைக்கும் மருந்து தேவையில்லை, பூச்சி அங்கே உணவெடுப்பதில்லை. தோப்பின் ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் போனால் பூச்சி பறந்து அடிக்காத மரத்துக்குப் போய்விடும். தேனீக்கள் அடங்கிய மாலை வேளையே உகந்தது. ஆனால் நம் அடிவாரத்தில் பொழுது சாய்ந்தபின் மலையிலிருந்து குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும். அப்போது அடித்தால் சாரல் முழுவதும் கீழே உள்ள வீட்டுக்கும் கிணற்றுக்கும் போகும். நான்கு மணிக்குத் தொடங்கி, காற்று இறங்குமுன் முடித்துவிடுங்கள். தலைக்கு மேலே பார்த்து அடிக்கும் வேலை என்பதால் சொட்டுவதெல்லாம் முகத்தில்தான் விழும். கண்ணாடி, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கையுறை இல்லாமல் கூலியாளை ஏற்றிவிடாதீர்கள். பைரித்ராய்டு மீன்களுக்குக் கொடிய நஞ்சு. டேங்கை ஓடையில் அலசக் கூடாது. பழம் நிறம் மாறத் தொடங்கியபின் எதையும் தெளிக்கக் கூடாது. கொட்டைக்கு ஓடு இருக்கிறது, பழத்துக்கு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தோப்பில் நுழைந்து பழத்தைக் கடித்துச் சாறு உறிஞ்சுவார்கள், மாட்டுக்கும் அதையே போடுகிறோம்.

தோப்பைச் சுற்றியுள்ள மரங்களையும் பாருங்கள். இதே தேயிலைக் கொசு வேம்பிலும் கொய்யாவிலும் வாழ்கிறது. அண்மை ஆண்டுகளில் மழைக்குப் பின் வேப்பமரங்கள் நுனி கருகிச் சிவந்து நிற்பதைப் பார்த்து மக்கள் கலங்கினார்கள் அல்லவா. அதில் ஒரு பூஞ்சையோடு இந்தப் பூச்சிக்கும் பங்கு உண்டு. வேப்பமரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் தோப்பு ஓர வேம்பு கருகத் தொடங்கினால் அது உங்களுக்கு முன்னறிவிப்பு. முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும் மரங்களில் கருகல் குறைவாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்தச் செவ்வெறும்பு தேயிலைக் கொசுவை வேட்டையாடும். கொட்டை பொறுக்கும்போது கடிக்கிறது என்பதற்காகத் தை மாதத்திலேயே கூட்டைக் கொளுத்திவிடுவது பெரிய இழப்பு. அறுவடை வரையாவது அதை விட்டு வையுங்கள்.

கடைசியாக, அந்த மூன்று மரங்கள். அவற்றில் இருப்பது தண்டு மற்றும் வேர்த் துளைப்பான். இது ஒரு நீளக்கொம்பன் வண்டின் புழு. தாய் வண்டு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குள் பட்டை வெடிப்புகளிலும் வெளியே தெரியும் வேர்களிலும் முட்டையிடும். வெள்ளைப் புழு பட்டைக்கு அடியில் குடைந்து, உணவு கீழிறங்கும் பாதையை மாதக்கணக்கில் அறுத்துக்கொண்டே போகும். இலை மஞ்சளாகும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். ஏற்காட்டில் காபி வைத்திருப்பவர்கள் அராபிகா செடியில் வரும் வெள்ளைத் தண்டு துளைப்பானை அறிவார்கள். அதுவும் இதே குடும்பத்து வண்டுதான். ஆனால் அது வேறு இனம், அதற்கென்று சொல்லும் பத்துச் சதச் சுண்ணாம்புத் தெளிப்பை முந்திரிக்குக் கொண்டுவந்து பயனில்லை. வண்டு வெளியேறும் முன் தாக்கப்பட்ட செடியைத் தேடிப் பிடித்து அகற்றும் அவர்களுடைய கண்டிப்பு மட்டும் நமக்கு வேண்டும்.

ஒவ்வொரு மரத்தின் அடியிலும் மண்ணைச் சற்று விலக்கிப் பாருங்கள். பிசினோடு மரத்தூள் கலந்து தள்ளப்பட்டிருக்கும் இடத்தில் உளியால் பட்டையைச் செதுக்கி, சுரங்கம் போகும் வழியே தொடர்ந்து சென்று, புழுவை வெளியே எடுத்துக் கொல்ல வேண்டும். நல்ல பட்டையைத் தேவைக்கு மேல் செதுக்கக் கூடாது. எடுத்தபின் அந்த இடத்தையும் சுற்றியுள்ள அடிமரத்தையும் வேர்களையும் மருந்துக் கரைசலால் நனைக்க வேண்டும். இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது குளோர்பைரிபாஸ் 20 சதம், லிட்டருக்கு 10 மில்லி. 2025-இல், நெடுநாள் சிதையாத நச்சுகளுக்கு எதிராக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சில விலக்குகளோடு அது சேர்க்கப்பட்டுவிட்டது என்பதால் அதையே நம்பியிருப்பது நெடுநாள் செல்லாது; இமிடாகுளோபிரிடும் ஃபிப்ரோனிலும் ஆராய்ச்சி நிலையங்களில் இதற்காகச் சோதிக்கப்பட்டுள்ளன, எதை எடுப்பது என்பதைச் சந்தியூரில் கேட்டு முடிவு செய்யுங்கள். அடிமரத்தில் பூசும் இந்த அளவு இலைக்குத் தெளிக்கும் அளவைவிடப் பலமடங்கு அடர்த்தியானது; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள், புதிய தூள் தள்ளியிருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அடிமரச் சுற்றில் பாதிக்கு மேல் பட்டை போய், இலையும் மஞ்சளாகிவிட்ட மரம் பிழைப்பதில்லை. அதற்கு மருந்துச் செலவு செய்ய வேண்டாம். வேரோடு தோண்டி எடுத்து, அடிமரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் புழுக்களையும் சுண்ணாம்புக் கூட்டுக்குள் உறங்கும் கூட்டுப்புழுக்களையும் அழித்துவிடுங்கள். இங்கே நான் பலமுறை கண்டது, பட்டுப்போன மரத்தை வெட்டி, அடுப்புக்கு ஆகும் என்று தோப்பு வரப்பிலேயே விறகாக அடுக்கி வைப்பது. சித்திரை வெயிலில் அந்த விறகிலிருந்தே வண்டுகள் வெளிவந்து அடுத்த மரங்களில் முட்டையிடும். விறகாகத்தான் வேண்டுமென்றால் பங்குனி முடிவதற்குள் எரித்துத் தீர்த்துவிடுங்கள், அல்லது தோப்பை விட்டுத் தொலைவில் கொண்டுபோய் வையுங்கள். மீதியுள்ள நல்ல மரங்களுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 50 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு சேர்த்துக் கலக்கி, வேர்ப்பிடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் ஐப்பசியிலும் தடவி வாருங்கள்.